எழுத்துக்குப் பின்னால் ஓர் எண்

தினசரி நாள்காட்டியில் ஒரு தாளைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு சற்று உற்று நோக்குங்கள். ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, கிழமை, நட்சத்திரம், திதி, நல்ல நேரம், இராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், சந்திராஷ்டமம் என்று உள்ளங்கை அகலத் தாளில் எத்தனை செய்திகள்! இப்படி ஆண்டுக்கு 365 தாள்கள். ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் ஒரு கணிப்பொறியின் முன் அமர்ந்து எழுத்தெழுத்தாக அடித்திருக்கிறார்.

அந்தக் கணிப்பொறி சிவகாசியில் இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. 1920களில் அவ்வூரில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது. பட்டாசு அதைத் தொடர்ந்தது. இரண்டுக்கும் வண்ண லேபிள்கள் வேண்டியிருந்தன. அந்தத் தேவையிலிருந்து வளர்ந்ததுதான் சிவகாசியின் அச்சுத் தொழில். பிறகு நாள்காட்டி, டைரி, நோட்டுப் புத்தகம், திருமண அழைப்பிதழ் என்று அது கிளை பரப்பியது. வரும் ஆண்டின் நாள்காட்டி மாதிரிகளை ஆடிப்பெருக்கு நாளில் வெளியிடுவது அங்கே வழக்கம். அதாவது, நாம் ஜனவரியில் கிழிக்கத் தொடங்கும் தாளின் வேலை, முந்திய ஆடிக்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

ஈய எழுத்துகளைப் பொறுக்கிக் கோத்த காலம் போய், 1990களில் தமிழ்நாட்டு அச்சகங்களுக்குள் டி.டி.பி. வந்தது. பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் பெயரைக் கேள்விப்படாத அச்சகக்காரர் இருக்க முடியாது. 1985 இல் பிறந்த அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பான ஏழாம் பதிப்பு 2001 இல் வெளிவந்தது. விண்டோஸ் 98க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2006 ஜூலை 11 அன்றும், விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை 2014 ஏப்ரல் 8 அன்றும் நிறுத்திக்கொண்டது. ஆனாலும், மூலையில் ஒரு பழைய கணிப்பொறியைத் துணி போட்டு மூடி வைத்திருக்கும் அச்சகங்கள் உண்டு. பழைய கோப்புகளைத் திறக்க அது வேண்டும் என்பதே காரணம். புதிய கணிப்பொறியில் திறந்தால் தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் வால் முளைத்த குறிகளும் தெரிகின்றன.

ஏன் இப்படி? அந்தப் பழைய கணிப்பொறியின் குறுக்கு விசைகளைக் கொஞ்சம் ஆராய்ந்தால் விடை கிடைத்துவிடும். கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் ஆகியவற்றோடு இன்னொரு விசையைச் சேர்த்து அழுத்துவதை ஏதோ வித்தை போலப் பலர் மனப்பாடம் செய்கிறார்கள். அதில் வித்தை ஒன்றும் இல்லை. எல்லாம் எண்களின் போக்குவரத்துதான்.

விசை அனுப்புவது எழுத்தன்று

விசைப்பலகையில் எஃப் என்று பொறித்த விசையை அழுத்தினால் எஃப் என்ற எழுத்து கம்பி வழியே போகிறது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அப்படியன்று. 1981 ஆகஸ்டு 12 அன்று வெளிவந்த ஐபிஎம் பிசி கணிப்பொறியில், எஃப் விசையை அழுத்தியபோது விசைப்பலகைக்குள் இருந்த சிறு செயலி 33 என்ற எண்ணை அனுப்பியது. விரலை எடுத்தபோது 161 என்ற எண்ணை அனுப்பியது. இரண்டுக்கும் வேறுபாடு 128. எந்த விசையானாலும் இதே முறைதான்: அழுத்தினால் ஓர் எண், விட்டால் அதோடு 128 கூட்டிய எண். இந்த எண் விசையின் இடத்தைக் குறிப்பது. அதன் மேல் எந்த எழுத்து பொறிக்கப்பட்டிருக்கிறது என்பது விசைப்பலகைக்கே தெரியாது. இப்போதைய யூஎஸ்பி விசைப்பலகைகள் வேறு எண்களை அனுப்பினாலும், விண்டோஸ் அவற்றை உள்ளே வாங்கிப் பழைய எண்களாக மாற்றிக்கொள்கிறது.

விரலை எடுப்பதையும் தெரிவிப்பது வீண் வேலை என்று தோன்றலாம். அதுதான் குறுக்கு விசைகளுக்கெல்லாம் அடிப்படை. ஷிஃப்ட் விசையின் ‘அழுத்தினேன்’ என்ற எண் வந்து, ‘விட்டேன்’ என்ற எண் இன்னும் வராதிருக்குமானால், அது அழுத்தப்பட்டே இருக்கிறது என்று கணிப்பொறி அறிகிறது. அந்த நிலையில் 33 வந்தால் பெரிய எஃப். இல்லாவிட்டால் சிறிய எஃப். சிறிய எஃப்புக்கு ஆஸ்கி அட்டவணையில் 102 என்ற எண். பெரிய எஃப்புக்கு 70. ஆக, இடத்தின் எண் 33 இப்போது எழுத்தின் எண் 102 ஆகிவிட்டது. இது இரண்டாம் கட்டம்.

கண்ட்ரோல் விசையின் வேலை தொடக்கத்தில் வெறும் கழித்தல். பெரிய எழுத்தின் எண்ணிலிருந்து 64ஐக் கழித்துவிடும். ஜி எழுத்தின் எண் 71. கண்ட்ரோலுடன் ஜி அழுத்தினால் 7. தொலையச்சுப் பொறிகளில் 7 என்றால் மணி அடிக்க வேண்டும் என்று பொருள். எம் 77, கண்ட்ரோல் எம் 13, அது அடுத்த வரிக்குப் போகும் என்டர். ஹெச் 72; கண்ட்ரோல் ஹெச் 8; அது பின்னழிப்பு. டாஸ் இயங்குதளத்தில் பழகியவர்களுக்கு இவை தெரிந்திருக்கும்.

கண்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்திக் கணிப்பொறியை மீண்டும் தொடக்கும் முறையை அமைத்தவர் ஐபிஎம் பொறியாளர் டேவிட் பிராட்லி. அந்நாளைய விசைப்பலகையில் டெலிட் விசை வலக்கோடியில் இருந்தது. மற்ற இரண்டும் இடப்பக்கம். தவறி ஒரு கை பட்டு வேலை அழிந்துவிடக் கூடாது என்பதற்காகவே இப்படி எட்டி எட்டி இருக்கும் விசைகளைத் தேர்ந்தார்.

வேகமாக அடிப்பவர்கள் பழைய டாஸ் கணிப்பொறியில் திடீரென்று ‘பீப்’ என்ற ஒலியைக் கேட்டிருப்பார்கள். அடித்த எழுத்துகள் நிரல் எடுத்துக்கொள்ளும் வரை காத்திருக்கும் இடைத்தேக்கத்தில் 15 அழுத்தங்களுக்கே இடம் இருந்தது. பதினாறாவது வந்தால் இடமில்லை என்பதற்கு அடையாளம் அந்த ஒலி. குற்றம் விரலுடையதன்று, கணிப்பொறி பின்தங்கிவிட்டது.

கடன் வாங்கிய எண்கள்

எழுத்தின் எண் வந்தாயிற்று. மூன்றாம் கட்டத்தில் அந்த எண்ணுக்கு உரிய வடிவத்தை எழுத்துரு, அதாவது ஃபான்ட், வரைகிறது. 102 வந்தால் எஃப் வடிவத்தை வரை என்பது ஆங்கில எழுத்துருவின் ஏற்பாடு. ஆனால் 102க்கு எந்த வடிவத்தை வரைந்தாலும் கணிப்பொறி மறுப்புச் சொல்லாது. இந்த ஓட்டை வழியாகத்தான் தமிழ் கணிப்பொறிக்குள் நுழைந்தது!

தமிழ் எழுத்துகள் 247. எட்டு பிட்டு கொண்ட அட்டவணையில் இருப்பதோ 256 இடங்கள். அவற்றிலும் முதல் 128 ஆஸ்கிக்குச் சொந்தம். ஆகவே எழுத்துகளை உறுப்பு உறுப்பாகப் பிரிக்க வேண்டியதாயிற்று. கொம்பு தனி, கால் தனி, புள்ளி தனி. இந்தப் பிரிவினை கணிப்பொறி கண்டுபிடித்ததன்று. தட்டச்சுப் பொறியிலேயே நடந்து முடிந்தது. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886 இல் பிறந்து மலாயாவுக்குச் சென்ற ஆர். முத்தையா, தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியபோது எதிர்கொண்ட கணக்கு இதுதான். எழுத்தின் தலைமேல் வரும் குறிகளுக்கு அவர் ‘நகரா விசை’களை அமைத்தார். அந்த விசையைத் தட்டினால் குறி தாளில் பதியும், வண்டி நகராது. அடுத்துத் தட்டும் எழுத்து அதே இடத்தில், குறிக்குக் கீழே வந்து விழும். 1978 இல் தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தால் ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்றவற்றின் தனி வடிவங்கள் நீங்கியதும் இந்தக் கணக்கைச் சற்று எளிதாக்கியது.

டி.டி.பி. வந்தபோது, தட்டச்சுப் பள்ளியில் பயின்ற விரல்கள் ஏராளமாக இருந்தன. இடக்கை விரல்கள் ய, ள, ன, க என்று அமரும். வலக்கை விரல்கள் த, ம, ட என்று அமரும். அந்தப் பயிற்சியை வீணாக்காமல், விசைகளை அதே இடங்களில் வைத்து எழுத்துருக்கள் செய்தார்கள். பாமினி எழுத்துரு அவற்றுள் ஒன்று. அதில் எஃப் விசையைத் தட்டினால் திரையில் க தோன்றும். கணிப்பொறி நினைவில் வைத்துக்கொள்வது 102, அதாவது ஆங்கில எஃப்தான். தமிழ் என்ற சொல்லைப் பாமினியில் அடித்தால் உள்ளே பதிவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகள். எழுத்துருவை நீக்கிவிட்டால் திரையிலும் இந்த ஐந்தே தெரியும்.

அச்சகத்து மூலையிலுள்ள பழைய கணிப்பொறியின் மருமம் இவ்வளவுதான். கோப்பில் தமிழ் என்றுமே இருந்ததில்லை. எண்கள் இருந்தன, தமிழ் எழுத்துருவில் இருந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தன் எழுத்துருவுக்குத் தன் விருப்பப்படி எண்களை ஒதுக்கியதால், ஒன்றில் க என்று தெரிவது இன்னொன்றில் வேறாகத் தெரிந்தது. வாடிக்கையாளர் நெகிழ்வட்டில் கொண்டுவந்த அழைப்பிதழை அச்சகத்தில் திறந்தால் குழப்பமாக இருக்கும். எழுத்துருவையும் கொண்டுவா என்று திருப்பி அனுப்புவார்கள்.

ஒரு பூச்சியம் செய்யும் வேலை

விசைப்பலகையில் இடம் கிடைக்காத வடிவங்களை வரவழைக்க ஒரு வழி உண்டு. ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி, வலப்பக்க எண்பலகையில் எழுத்தின் எண்ணை அடித்துவிட்டு, ஆல்ட்டை விட வேண்டும். விசையின் இடத்தைத் தேடாமல் எழுத்தின் எண்ணை நேரே கொடுத்துவிடுகிறோம். ஐபிஎம் பிசியிலேயே இந்த வசதி இருந்தது.

டி.டி.பி. செய்பவர்கள் இத்தகைய எண்களை ஓர் அட்டையில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிக்கொள்வார்கள். அந்த அட்டைகளில் சில எண்களுக்கு முன்னால் ஒரு பூச்சியம் இருக்கும். அந்தப் பூச்சியத்தை அலட்சியம் செய்தவர் அகப்பட்டுக்கொள்வார்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். பல நாட்டுத் தமிழர்கள் இணையவழிக் கலந்துரையாடி உருவாக்கிய டிஸ்கி என்ற குறியேற்றத்தில் அ எழுத்தின் எண் 171. எக்ஸ்பி கணிப்பொறியில் டிஸ்கி எழுத்துரு ஒன்றைத் தேர்ந்துகொண்டு, ஆல்ட்டுடன் 0171 அடித்தால் அ வருகிறது. பூச்சியத்தை விட்டுவிட்டு 171 அடித்தால் ண வந்து நிற்கிறது! காரணம் இது: முன்னால் பூச்சியம் இருந்தால், விண்டோஸ் தன் சொந்த அட்டவணையைப் பார்க்கிறது. பூச்சியம் இல்லாவிட்டால், டாஸ் காலத்து அட்டவணையைப் பார்க்கிறது. டாஸ் அட்டவணையில் 171ஆம் இடத்தில் இருப்பது அரை என்னும் பின்னக் குறி. அதே அரைக் குறி விண்டோஸ் அட்டவணையில் 189ஆம் இடத்தில் இருக்கிறது. உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு விண்டோஸ் 171ஐ 189 ஆக மாற்றிவிடுகிறது. டிஸ்கியில் 189 என்றால் ண. டாஸ் பயனரின் பழக்கம் கெடக் கூடாது என்று செய்த ஏற்பாடு, டாஸைக் கண்ணால் பார்த்திராத தமிழ்நாட்டு ஆபரேட்டரின் தலையில் வந்து விடிந்தது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 173ஆம் எண்ணை டிஸ்கி இ எழுத்துக்கு ஒதுக்கியிருந்தது. விண்டோஸ் அட்டவணையிலோ அது சொல்லை வரிக்கடைசியில் உடைக்கப் பயன்படும் மறை இணைப்புக்கோடு. சில மென்பொருள்கள் அந்த எண்ணைக் கண்டதும், இது தெரிய வேண்டிய குறியன்று என்று விழுங்கிவிட்டன. இந்தியா என்று அடித்தால் ந்தியா என்று மிஞ்சும். இதற்குப் பரிகாரமாக 254ஆம் எண்ணிலும் இன்னொரு இ வைக்கப்பட்டது. ஒரே எழுத்துக்கு இரண்டு முகவரிகள்!

உங்கள் எழுத்துருவில் எந்த எண்ணில் எந்த வடிவம் ஒளிந்திருக்கிறது என்று அறிய, எக்ஸ்பியில் விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் சார்மேப் என்ற ஆணையை ஆங்கில எழுத்துகளில் அடியுங்கள். எழுத்து வரைபடம் திறக்கும். ஒரு வடிவத்தின் மேல் சொடுக்கினால் கீழே வலமூலையில் அதற்குரிய ஆல்ட் எண் தெரியும். அட்டையைத் தேடி அலைய வேண்டாம்.

இந்த முறை வேலை செய்ய எண்பலகைக்குரிய நம்லாக் விளக்கு எரிய வேண்டும். கணிப்பொறியைத் தொடக்கும்போதெல்லாம் அது அணைந்தே இருப்பது சிலருக்குத் தொல்லை. டாஸ் ஆறாம் பதிப்பிலும் விண்டோஸ் 98இலும் கான்ஃபிக்.சிஸ் கோப்பில் நம்லாக்=ஆன் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். எக்ஸ்பியில் ரெஜ்எடிட் நிரலைத் திறந்து, நடப்புப் பயனருக்குரிய பிரிவில் கண்ட்ரோல் பேனல், அதனுள் கீபோர்டு என்று சென்றால், இனிஷியல் கீபோர்டு இண்டிகேட்டர்ஸ் என்ற பதிவு இருக்கும். அதன் மதிப்பை 2 ஆக்க வேண்டும். இந்தப் பதிவேட்டில் கை வைக்கும் முன் அதை வேறொரு கோப்பாகச் சேமித்துக்கொள்வது கட்டாயம். தவறான இடத்தில் ஒரு மாற்றம் செய்துவிட்டால் கணிப்பொறி தொடங்காமலே போகலாம்.

விரலுக்கு உகந்த சில மாற்றங்கள்

வெட்டுதல், படியெடுத்தல், ஒட்டுதல் ஆகியவற்றுக்குரிய எக்ஸ், சி, வி விசைகள் யாவரும் அறிந்தவை. வெட்டி ஒட்டும் முறையைக் கணிப்பொறிக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்கரான லாரி டெஸ்லர். 2020 இல் காலமானார். ஆப்பிள் கணிப்பொறிகளில் 1983 முதல் இருந்த இந்த எழுத்து விசைகளை விண்டோஸ் பிற்பாடுதான் ஏற்றது. அதற்கு முன் வெட்ட ஷிஃப்ட் டெலிட், படியெடுக்கக் கண்ட்ரோல் இன்சர்ட், ஒட்ட ஷிஃப்ட் இன்சர்ட். இந்தப் பழைய மூன்றும் எக்ஸ்பியிலும் உயிரோடிருந்தன. ஓயாத உழைப்பால் சி விசை தேய்ந்துபோன விசைப்பலகையில் இவை கைகொடுக்கும்.

ஒரு விசையை அழுத்தியே பிடித்திருந்தால் எழுத்து திரும்பத் திரும்ப விழும். எவ்வளவு நேரம் கழித்து அது தொடங்க வேண்டும் என்பதைக் கண்ட்ரோல் பேனலில் விசைப்பலகை என்ற பகுதியில் மாற்றலாம். கால் நொடி முதல் ஒரு நொடி வரை நான்கு நிலைகள். அழுத்தமான கை உடையவர்கள் இதைக் கூட்டி வைப்பது நல்லது. இதில் தமிழுக்கென்று தனி ஆபத்து ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து இரண்டு முறை விழுந்தால் கண்ணுக்குத் தெரியும். பாமினி போன்ற எழுத்துருக்களில் புள்ளி அகலமற்றது. முந்திய எழுத்தின் தலைமேல் போய் உட்காரும். அது இரண்டு முறை விழுந்தாலும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே புள்ளியாகத் தெரியும். அச்சிலும் தெரியாது, மெய்ப்புப் பார்ப்பவரும் பிடிக்க முடியாது. ஆனால் கோப்பில் இரண்டு எண்கள் இருக்கும். அந்தச் சொல்லைத் தேடினால் கிடைக்காது.

ஷிஃப்ட் விசையைத் தொடர்ந்து ஐந்து முறை தட்டிவிட்டால் ‘ஸ்டிக்கி கீஸ்’ என்ற பெட்டி எழும்பிக் கேள்வி கேட்கும். தட்டச்சு முறையில் ஷிஃப்ட்டுக்கு வேலை அதிகம். யோசித்துக்கொண்டே அதைத் தட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தப் பெட்டி எரிச்சலூட்டும். கண்ட்ரோல் பேனலில் இதை நிறுத்தலாம். ஆனால் நிறுத்தும் முன் அது எதற்காக என்று தெரிந்துகொள்வோம். இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த முடியாதவர்களுக்காக வந்த வசதி இது. இதை இயக்கிவிட்டால், ஷிஃப்ட்டை ஒருமுறை தட்டிக் கையை எடுத்துவிடலாம். அடுத்த விசை வரும் வரை அது அழுத்தப்பட்டதாகவே கணிப்பொறி கருதும். நகரா விசைக்கு உறவு என்று சொல்லலாம். பட்டாசு விபத்துகளில் கையையும் விரல்களையும் இழந்தவர்கள் வாழும் வட்டாரத்தில், ஒரு கையாலேயே முழு விசைப்பலகையையும் ஆள இப்படி ஒரு வழி இருக்கிறது என்பது பரவலாகத் தெரிய வேண்டும். அதற்குத் தனிக் கருவியும் வேண்டியதில்லை, செலவும் இல்லை.

எண்ணுக்கு ஒரே பொருள்

எண்ணை அவரவர் விருப்பத்துக்கு வைத்துக்கொண்டதால் வந்த குழப்பத்துக்கு 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாடு ஒரு தீர்வு தேடியது. அதன்பின் தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையையும், டாம், டாப் என்ற இரு எட்டு பிட்டு குறியேற்றங்களையும் ஏற்றது. அதற்கு முன்பே உலக அளவில் யூனிகோடு தோன்றியிருந்தது. அதில் ஒவ்வோர் எழுத்துக்கும் உலகம் முழுவதற்கும் ஒரே எண். அ 2949, க 2965. வேறெந்த மொழிக்கும் அந்த எண்கள் இல்லை. விண்டோஸில் 2000 என்ற பதிப்புதான் இதை முதலில் தமிழுக்குத் தந்தது. 2010 இல் தமிழ்நாடு அரசும் யூனிகோடை முறைப்படி ஏற்றுக்கொண்டது.

எக்ஸ்பியில் யூனிகோடு தமிழ் சரியாகத் தெரிய ஒரு வேலை செய்ய வேண்டும். கண்ட்ரோல் பேனலில் வட்டார, மொழி அமைப்புகள் என்ற பகுதிக்குச் சென்று, சிக்கலான வரிவடிவ மொழிகளுக்கான கோப்புகளை நிறுவுக என்ற கட்டத்தில் குறியிட வேண்டும். எக்ஸ்பி குறுந்தட்டு கையில் இருக்க வேண்டும். இதைச் செய்யாத கணிப்பொறியில் கொம்புகள் இடம் மாறித் தெரியும். பிறகு இந்திய விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டால், இட ஆல்ட்டையும் ஷிஃப்ட்டையும் சேர்த்து அழுத்தி ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறிக்கொள்ளலாம்.

வேர்டு மென்பொருளில் ஆல்ட்டுடன் 2949 அடித்தால் அ வரும். அதையே எக்ஸ்பியின் நோட்பேடில் அடித்துப் பாருங்கள். தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்தொன்று வரும். நோட்பேடுக்கு 255க்கு மேல் எண்ணத் தெரியாது. 2949ஐ 256ஆல் வகுத்து மீதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. மீதி 133. டாஸ் அட்டவணையில் 133ஆம் இடத்தில் இருப்பது அந்த எழுத்து. இப்போது இது உங்களுக்கு வியப்பாக இராது.

பழைய கோப்பை மாற்றும்போது

இனி அந்த மூலைக் கணிப்பொறிக்குத் திரும்புவோம். அதன் வன்தட்டு ஒருநாள் நின்றுபோகும். அதற்குள் செய்ய வேண்டியவை சில. கோப்புகளைப் படியெடுக்கும்போது எழுத்துருக் கோப்புகளையும் சேர்த்தே படியெடுக்க வேண்டும். எழுத்துரு இல்லாத பழைய தமிழ்க் கோப்பு, சாவி தொலைந்த பெட்டி. ஒவ்வொரு கோப்பும் எந்த எழுத்துருவில் ஆனது என்று ஒரு தாளில் குறித்து வைப்பது இன்னும் நல்லது. ஆதரவு நின்ற இயங்குதளம் ஆகையால் அந்தக் கணிப்பொறியை இணையத்தில் இணைக்கவே கூடாது.

அடுத்து, உரையை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். இதற்கு எழுத்துரு மாற்றி நிரல்கள் இருக்கின்றன. எஃப் வந்தால் க போடு என்பது போல எண்ணுக்கு எண் மாற்றினால் முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பழைய முறையில் கெ என்று அடிக்க முதலில் கொம்பு, பிறகு க. கண்ணுக்குத் தெரியும் வரிசை அது. யூனிகோடில் முதலில் க, அதாவது 2965. பிறகு கொம்பு, 3014. நாம் ஒலிக்கும் வரிசை இது. ஆகவே மாற்றி நிரல் எழுத்தை மாற்றுவதோடு வரிசையையும் புரட்ட வேண்டும். கொம்பு, க, கால் என்று மூன்றும் சேர்ந்து வந்தால் அது கொ. இதை முதலில் கவனிக்காமல் கெ என்று முடிவு கட்டிவிட்டால் கால் தனியே நொண்டும். ஆகையால் மூன்று உறுப்பு எழுத்துகளை முதலிலும், இரண்டு உறுப்புள்ளவற்றை அடுத்தும், தனி எழுத்துகளைக் கடைசியிலும் மாற்ற வேண்டும். இரட்டை விழுந்த புள்ளிகளை இவற்றுக்கெல்லாம் முன்பே ஒற்றையாக்கிவிட வேண்டும்.

இவ்வளவு செய்த பிறகும் ஓர் எழுத்து மிஞ்சி நிற்கும். அது ஔகார உயிர்மெய். பழைய எழுத்துருக்களில் பௌ என்பதைக் கொம்பு, ப, ள என்ற மூன்று வடிவங்களால் அடித்தார்கள். ஔகாரத்தின் பின்பகுதியும் ளகரமும் ஒரே உருவம் ஆகையால் ஒரே எண்ணை இரண்டுக்கும் பயன்படுத்தினார்கள். யூனிகோடில் பௌ என்றால் 2986, 3020. பெள என்றால் 2986, 3014, 2995. பார்ப்பதற்கு ஏறத்தாழ ஒன்றே. கணிப்பொறிக்கு இரண்டும் வேறு. நாள்காட்டியில் பௌர்ணமி ஆண்டுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று முறை வரும். கவனக்குறைவான நிரல் அத்தனையையும் பெளர்ணமி என்று மாற்றிவிடும். அதன்பின் பௌர்ணமி எந்தெந்தத் தேதியில் என்று கோப்பில் தேடினால், ஒன்றும் இல்லை என்று விடை வரும்.

சரி, கொம்புக்கும் மெய்க்கும் பின்னால் ள வந்தால் எல்லாவற்றையும் ஔகாரம் ஆக்கிவிடலாமா? அப்படிச் செய்தால் வாரத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளிக்கிழமை கெடும். கொம்பு, வ, ள என்ற மூன்றையும் கண்ட நிரல் அவற்றை வௌ ஆக்கிவிட்டு, அடுத்து வரும் புள்ளியை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழிக்கும். இதற்கு ஒரு விதி உண்டு. ளகரத்தின் பின் புள்ளியோ வேறு உயிர்க்குறியோ வந்தால் அது உண்மையான ள. வெள்ளி, வெளி இரண்டும் இதனால் தப்பும். அவ்வாறு ஒன்றும் வராவிட்டால் பெரும்பாலும் ஔகாரம். பௌர்ணமி, சௌபாக்கியம், வௌவால் ஆகியவை இப்படிச் சரியாகும். அதற்குப் பிறகு எஞ்சும் ஐயங்களை, தமிழ் தெரிந்த ஒருவர் திரையின் முன் அமர்ந்து, கண்ட்ரோல் எஃப் அழுத்தி ஒவ்வொன்றாகத் தேடிப் படித்துத்தான் தீர்க்க வேண்டும்.